அப்பள அலமாரியில் பத்து ராடுகள்

மாதங்கிக்கு முப்பத்தாறு வயது முடிந்த குளிர்காலத்தில், கொல்கத்தாவின் பவானிபூரில் அவள் அண்ணன் நடத்தும் மெஸ்ஸில் அடுப்பு ஸ்டாண்டின் பின்கால் ஒன்று உடைந்தது. காலை ஏழரை மணி. ஸ்டாண்டின் மேல் இட்லி அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மூன்று செங்கல்லை அடியில் செருகி அண்டாவைக் காப்பாற்றியவள் அவள்தான்.

மத்தியானம் ஜதுபாபு பஜாருக்குப் பின்னாலிருந்து வெல்டிங் ஆள் வந்தார். வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னார்.

"அடுப்பை எல்லாம் அணைக்க முடியாது தாதா. ராத்திரி சாம்பார் ஏறியாச்சு. அந்தப் பக்கம் மட்டும் மூடித் தர்றேன், இப்படியே ஒட்டிட்டுப் போங்க," என்றார் அண்ணன் வேதாச்சலம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

பதினாறு வருடமாக அந்த அடுப்பு ஒரு பகல்கூட முழுதாக அணைந்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. வெல்டிங் ஆள் தோளைக் குலுக்கிவிட்டு, கால் மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடி உடைந்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி உடைந்தது.

மூன்றாவது முறை உடைந்த துண்டை மாதங்கி புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே ஒட்டு வரிசையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உடைந்த வாயில் மட்டும் பழைய அடுப்புக் கரி அப்படியே இருந்தது. இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

"அண்ணே, இங்க பாரு. மேல பூசியிருக்கான், அவ்வளவுதான். உள்ள ஒட்டவே இல்ல."

"நீயே போய் ஒட்டேன்," என்றார் வேதாச்சலம், ஈர வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டே. கேலியாகத்தான் சொன்னார்.

மாதங்கி பிறந்தது வளர்ந்தது எல்லாம் பவானிபூரில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம் மெஸ் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் சமாளிக்கலாம் என்று உள்ளே வந்தவள்தான். பதினேழு வருடம் ஓடிவிட்டது. இரண்டு மூன்று வரன்கள் வந்து, எதுவும் அமையாமல் நின்றன. மெஸ்ஸில் அவளை யாரும் கடிந்து பேசியதில்லை. இனி நீ என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்த மாதமே அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்துக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோனபோது, மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை நின்று படித்தாள். பகுதிநேர வெல்டிங் பயிற்சி. ஆறு மாதம். செவ்வாய், வியாழன், சனி பிற்பகல். இடம் சாந்த்ராகாச்சி. பெண்களும் சேரலாம். வயது வரம்பு நாற்பது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

அன்றிரவு கடை சாத்தும்போது விஷயத்தைச் சொன்னாள். வேதாச்சலம் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"மூணு நாள் மத்தியானம். யார் பாக்குறது?"

"ஒன்றரைக்குப் போனா ஆறரைக்கு வந்துடுவேன். ரெண்டாம் பந்தியை அண்ணி பாத்துக்கறேன்னாங்க."

அண்ணி வித்யாலட்சுமி பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து திரும்பாமலே, "ஆமா, சொன்னேன்," என்றாள்.

வேதாச்சலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஆறரைக்கு தோசைக்கல்லு முன்னாடி நிக்கணும். செப்டம்பர்ல மஹாளயா அமாவாசை வரைக்கும் டயம். அதுக்குள்ள எங்கயாவது வேலைக்கு எடுத்தாங்கன்னா போ, நான் ஆள் வச்சுக்கறேன். எடுக்கலைன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ரவீந்திர சதன் முனையில் பஸ் ஏறி, கங்கைப் பாலத்தைத் தாண்டி சாந்த்ராகாச்சியில் இறங்கினாள். ரயில்வே யார்டின் மதிலை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. அதற்குள் பத்துத் தடுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெஷின், ஒரு இரும்பு மேஜை, ஒரு ரப்பர் திரை. சொல்லித்தர வந்தவள் நந்திதா. மாதங்கியைவிட ஒன்பது வயது இளையவள், ஹவுராக்காரி. பெரிய கட்டுமானங்களில் நான்கு வருடம் வெல்டராக இருந்துவிட்டு வந்தவள். சத்தமாகப் பேசுவாள். அங்கே பேச்செல்லாம் வங்காளமும் இந்தியுமாக இருக்கும். மாதங்கிக்கு இரண்டும் தமிழைப் போலவே வரும்.

வகுப்பில் ஒன்பது பேர். ஒரே பெண் அவள். பக்கத்துத் தடுப்பில் ஹரிஷங்கர். காலையில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா ஓட்டுபவர், நாற்பதைத் தொட இன்னும் ஒரு வருடம் இருந்தது. முதல் நாளே தெறித்த பொறி ஒன்று அவர் கையுறைக்குள் போய்விட, அவர் குதித்த குதியில் ஸ்டூல் கவிழ்ந்தது. அதே நாளில் மாதங்கியின் மணிக்கட்டிலும் ஒன்று விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டு, நுனி உருகி ஒட்டாகும் வெல்டிங் ராடை நகர்த்திக்கொண்டே போனாள்.

"தீதி, உங்களுக்கு வலிக்கலையா?" என்று கேட்டார் ஹரிஷங்கர். அங்கே அக்காவுக்கு தீதி என்று பேர்.

மாதங்கி கையுறையைக் கழற்றி முழங்கை வரை காட்டினாள். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள், கடுகு தாளித்த மாதிரி.

"ஓஹோ, இவங்க ஏற்கெனவே டிரெயினிங் முடிச்சுட்டு வந்திருக்காங்க," என்றார் ஹரிஷங்கர் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

கை நடுங்காது, சூடு தெரியாது. அதனால் வேலை சுலபமாக வந்துவிடவில்லை. தட்டையாக வைத்த இரும்பில் நேர்கோடு இழுக்க ஒரு மாதம் ஆனது. பிறகு இரும்புப் பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பிளேட்டுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைக் கீழிருந்து மேலாக நிரப்பச் சொன்னார்கள். உருகிய இரும்பு கீழே வழியாமல் இருக்க, ராடை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆட்டிக்கொண்டே ஏற வேண்டும். மாதங்கியின் ஒட்டு நடுவில் புடைத்து, இரண்டு ஓரத்திலும் குழி விழுந்து வந்தது. பத்து பிளேட், பதினைந்து பிளேட், எல்லாம் அப்படியே.

நந்திதா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்று பார்த்தாள். "நீங்க நடுவுல நிக்கிறீங்க. ஓரத்துக்குப் போனதும் ஓடி வந்துடறீங்க. ஏன் அப்படி ஓடுறீங்க? அங்க யாராவது அடிக்கிறாங்களா?"

மாதங்கி அடுத்த பிளேட்டை எடுத்து நிறுத்தினாள். அன்று மாலை தோசைக்கல் முன்னால் நின்று மாவை ஊற்றித் தேய்க்கும்போது தன் கையையே கவனித்தாள். கரண்டி நடுவில் தங்கிச் சுழல்கிறது. வெளியே போகப் போக வேகமெடுக்கிறது. ஓரம் மெல்லிசாக, முறுகலாக வர வேண்டும் என்பதற்காகப் பதினேழு வருடமாகக் கை படித்த பாடம் அது. வெல்டிங்குக்கு இதைத் தலைகீழாக்க வேண்டும். ஓரத்தில் நின்று நிரப்பிவிட்டு, நடுவைச் சட்டென்று கடக்க வேண்டும்.

அதன் பிறகு வாயால் எண்ணத் தொடங்கினாள். ஓரத்தில் ஒன்று, இரண்டு. தாண்டு. அந்த ஓரத்தில் ஒன்று, இரண்டு. தாண்டு. கொட்டகையில் எண்ணியது மெஸ்ஸிலும் தொடர்ந்தது. ஒரு வாரம் தோசைகள் ஓரம் தடித்து, நடுவில் ஓட்டையாக வந்தன. வங்கி அதிகாரி ஒருவர் தட்டைத் தூக்கிக் காட்டி, "என்னம்மா இது, டயரா?" என்றார். வேதாச்சலத்துக்குக் கோபம் வந்தது. மாதங்கி இரண்டு கைகளையும் பிரித்துக்கொண்டாள். தோசைக்கு இடது கை, ராடுக்கு வலது கை. இடது கையால் தோசை ஊற்றப் பழக இன்னொரு வாரம் பிடித்தது. அந்த வாரம் அவளுக்கான இரவுச் சாப்பாடு முழுக்க வீணான தோசைகள்தான். ஜூன் கடைசியில் ஓரத்துக் குழிகள் மறைந்தன.

ஜூலையில் நந்திதா ஒரு செய்தி சொன்னாள். யார்டுக்கு அந்தப்புறம், இரும்புப் படிகளும் நடைமேடைகளும் செய்யும் ஒரு பட்டறைக்கு ஆரம்பநிலை வெல்டர்கள் இரண்டு பேர் வேண்டும். மஹாளயாவுக்குள் தேர்வில் தேறியவர்களை மட்டும் பார்ப்பார்கள். ஒரு இடம் ஏற்கெனவே போய்விட்டது. "மேஸ்திரி கிட்ட உங்க பிளேட்டைக் காட்டினேன், தீதி. பாஸ் பண்ணிட்டு வரச் சொன்னார். பொம்பளைன்னும் சொன்னேன். கழிப்பறை தனியா இருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னார்."

ஆகஸ்டு கடைசி சனிக்கிழமை தேர்வு. அதற்கு முந்தைய வகுப்பில் புதுப் பெட்டி உடைத்து ஆளுக்குப் பத்து ராடு கொடுத்தார்கள். இந்த ராடின் மேல் பூச்சு ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ராடில் இழுத்தால் ஒட்டுக்குள் காற்று மாட்டிக்கொண்டு துளை விழும். அதனால் கொட்டகை மூலையில் ஒரு சிறிய மின்சார அடுப்புப் பெட்டி இருக்கும். அதற்கு அங்கே ஓவன் என்றுதான் பேர். எல்லோரும் தங்கள் ராடுகளை அதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மாதங்கி போடவில்லை. முன்பு ஒரு முறை பொது ஓவனில் அவள் பொறுக்கி வைத்த நேரான ராடுகளை யாரோ எடுத்துக்கொண்டு, பூச்சு உதிர்ந்த ராடுகளை விட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வளைவில்லாத பத்தைத் தேர்ந்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஈரம் படாமல் வைக்க அவளுக்கு இடமா தெரியாது? கொல்கத்தா மழையில் எல்லாம் நமத்துப்போகும். உப்பு கசியும், பிஸ்கட் துவளும். ஆனால் மெஸ்ஸில் ஒரு முறைகூட அப்பளம் நமத்ததில்லை. அடுப்புக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு மர அலமாரி. அங்கே எப்போதும் இளஞ்சூடு. அப்பளமும் வடகமும் அங்கேதான் இருக்கும்.

பத்து ராடுகளையும் செய்தித்தாளில் சுற்றி, அப்பள டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை பகலில் எடுத்தபோது காகிதம் இதமாகச் சுட்டது. நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நன்றாகத்தான் போனது. ஒட்டு ஒரே சீராக ஏறியிருந்தது. ஹரிஷங்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிடலாம் போல இருக்கு," என்றார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். பிளேட்டிலிருந்து ஒட்டுக்குக் குறுக்காக இரண்டு பட்டைகளை அறுத்தார். வளைக்கும் அச்சில் ஒரு பட்டையை வைத்து ஜாக்கியை அழுத்தினார். பட்டை மெதுவாக வளைந்தது. ஒட்டு நன்றாக இருந்தால் இரும்பு இரும்பாகவே வளைந்து கொடுக்கும்.

பாதி வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஒட்டின் நடுவில் வாய் திறந்திருந்தது. உள்ளே கடுகு அளவில் துளைகள், வரிசையாக. தேர்வாளர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். காகிதத்தில் எழுதினார். "மறுதேர்வு இருபதாம் தேதி," என்றார். அவ்வளவுதான். ஹரிஷங்கர் உட்பட ஆறு பேர் தேறியிருந்தார்கள்.

"ஆர்க் நீளமாகிடுச்சு, தீதி," என்றாள் நந்திதா தனியாகக் கூப்பிட்டு. "பதட்டத்துல ராடு பிளேட்டை விட்டுத் தள்ளிப் போனா நடுவுல எரியற சுடர் நீண்டுடும். காத்து உள்ள புகுந்துடும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"நீளமாகலை."

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"எண்ணிக்கிட்டே போனேன். ராடு தள்ளிப் போனா சத்தம் மாறும். மாறலை."

நந்திதா தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். மாதங்கி உடைந்த பட்டையைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆறரைக்குத் தோசைக்கல் முன்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே வேதாச்சலம் தெரிந்துகொண்டார். கடைசிப் பந்தி எழுந்து போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு, "சரி விடு. ஆறு மாசம் போய்ட்டு வந்த. யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அடுத்த வாரத்துலருந்து நவராத்திரி ஆர்டர் ஆரம்பிக்குது. மத்தியானம் இருந்தேன்னா சௌகரியமா இருக்கும்," என்றார்.

"மஹாளயா வரைக்கும்னு சொன்ன."

"தோத்தாச்சேம்மா."

"மறுதேர்வு இருக்கு. மஹாளயாவுக்கு மொத நாள். நீ சொன்ன டயம் இன்னும் முடியலை."

 வேதாச்சலம் சொன்ன சொல்லை மாற்றாதவர். அதுவே சில சமயம் அவருக்குச் சங்கடமாக இருக்கும். "சொன்னேன்தான்," என்று எழுந்து போய் ஷட்டரை இழுத்தார்.

அடுத்த நான்கு நாட்கள் அந்தப் பட்டை சமையல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. மாதங்கி போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். துளைகள் ஒவ்வொரு ராடும் தொடங்கிய இடத்தில் அடர்த்தியாகவும், போகப் போகக் குறைந்தும் இருந்தன. பதட்டம் என்றால் அப்படி ஒழுங்காக வருமா? மெஷின் அதே மெஷின். பிளேட் அதே பிளேட். ஜூலை முழுக்க உடைத்துப் பார்த்த ஒட்டு எதிலும் துளை இல்லை. கை திடீரென்று ஒரு சனிக்கிழமை மட்டும் மறந்துவிடாது. ஏதோ ஒன்று வேறாக இருந்திருக்கிறது. எது?

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு அண்ணி சாமி விளக்கு ஏற்றத் தீப்பெட்டியை உரசினாள். பற்றவில்லை. இன்னொரு குச்சி. அதன் தலை பிசுபிசுத்து உதிர்ந்தது.

"யாருடி தீப்பெட்டியை வெளிய வச்சது? அப்பள டின்னுக்குள்ள போடுன்னு எத்தனை தடவை சொல்றது!"

"நான்தான் அண்ணி. நேத்து அலமாரியிலயே வச்சுட்டேன். அங்கதான் சூடா இருக்குமே."

"என்ன சூடு? கீழ நாலு அண்டா இட்லி வேகுது. ஆவி பூரா மேலதான் போகுது. டின்னுக்கு மூடி இறுக்கமா இருக்கறதால அப்பளம் பொழைச்சுது. வெளிய வச்சா துணி காயுமா அங்க?"

மாதங்கி அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். இட்லி அண்டாவின் மூடி ஓரத்திலிருந்து வெள்ளையாக எழுந்த ஆவி, அலமாரியின் அடிப்பலகையில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. பதினேழு வருடமாக அது அப்படித்தான் போகிறது. அப்பளம் மொறுமொறுவென்று இருந்ததற்கு அலமாரி காரணம் என்று அவள் நம்பியிருந்தாள். காரணம் டின்னின் மூடி.

வேறு யாராவது இருந்தால் அதோடு விஷயம் புரிந்தது என்று விட்டிருப்பார்கள். மாதங்கிக்கு அது போதவில்லை. அவளிடம் தேர்வில் மிஞ்சிய ராடு ஒன்று இருந்தது. அதை அதே செய்தித்தாளில் சுற்றி, அதே இடத்தில் வெள்ளி முழுவதும் வைத்தாள். சனிக்கிழமை கொட்டகைக்குப் போனதும் ஓவனிலிருந்து இன்னொரு ராடை எடுத்தாள். ஒரே பிளேட், ஒரே கரண்ட், ஒரே எண்ணிக்கை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இழுத்து, ஆறியதும் சம்மட்டியால் அடித்து உடைத்தாள். ஓவன் ராடின் ஒட்டு உள்ளே சாம்பல் நிறத்தில், வெல்லக்கட்டி உடைந்த மாதிரி அடர்த்தியாக இருந்தது. அலமாரி ராடின் ஒட்டில் கடுகுகள்.

இரண்டையும் நந்திதாவின் மேஜையில் வைத்தாள். "இது ஓவன். இது நான் வீட்ல வச்சது."

நந்திதா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்ல எங்க வச்சீங்க?"

"அடுப்புக்கு மேல. இட்லி அண்டாவுக்கு நேரா."

"இட்லிக்கு மேலயா!" நந்திதா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் சாய்ந்துவிட்டாள். தேறிய பிறகும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஹரிஷங்கர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ராடை வேக வச்சிருக்காங்க. சட்னி எடுத்துட்டு வந்தீங்களா தீதி?" என்றார். மாதங்கியும் சிரித்தாள். தோற்ற நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

சிரித்து முடித்ததும் நந்திதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதமான சூடு பத்தாது தீதி. தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல இருக்கணும். கை வைக்க முடியக் கூடாது. நான்தான் தெளிவாச் சொல்லியிருக்கணும்." இரண்டு துண்டையும் மாதங்கியின் பக்கம் தள்ளினாள். "ஆர்க் நீளம்னு சொன்னதும் தப்பு. கை சரியாத்தான் இருந்திருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தை மாதங்கி பஸ்ஸில் பாலம் தாண்டும் வரை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள்.

இருபதாம் தேதி சனிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. மெஸ்ஸில் மஹாளய அமாவாசைக்கான சமையல் ஆர்டர்களுக்குக் காய் நறுக்கிக் குவித்துவிட்டுத்தான் கிளம்பினாள். கொட்டகைக் கூரையில் மழைச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. மறுதேர்வுக்கு அவளோடு இரண்டு பேர். தேர்வாளர் ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுத்தார். மற்ற இருவரும் தங்கள் ராடுகளை மொத்தமாக ஓவனிலிருந்து எடுத்துப்போய் மேஜையில் வைத்துக்கொண்டார்கள். மாதங்கி ஒன்றே ஒன்றை எடுத்தாள். அது எரிந்து தீர்ந்ததும் ஹெல்மெட்டைத் தூக்கி, பதினெட்டு அடி நடந்து ஓவனைத் திறந்து, இன்னொன்றை எடுத்து, கதவை இறுக்க மூடிவிட்டுத் திரும்பினாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

முதல் அடுக்கு முடிந்தது. ஒட்டின் மேல் உறைந்த கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். இரண்டாவது அடுக்கு பாதி ஏறும்போது கொட்டகையில் ஒரு நொடி மின்சாரம் தளர்ந்தது. ஆர்க் இருமிவிட்டு மறுபடி பிடித்தது. மாதங்கி நிறுத்தினாள். கசடைத் தட்டிப் பார்த்தாள். வலது ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கசடு உள்ளே மாட்டியிருக்கலாம். மாட்டாமலும் இருக்கலாம்.

மூன்றாவது அடுக்கு மேலே ஏறினால் கோடு மறைந்துவிடும். யாரும் பார்க்க முடியாது. அறுக்கும் பட்டை அந்த இடத்தில் வராமலும் போகலாம். இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்தால் ஏழெட்டு நிமிடம் போய்விடும். கையில் இருப்பதோ இருபத்தெட்டு நிமிடம். இந்த அடுக்கில் இரண்டு ராடும், மேல் அடுக்கு முழுதும் மிச்சம்.

அடுப்பு ஸ்டாண்டின் கால் நினைவுக்கு வந்தது. மேலே வரிசையான ஒட்டு, உள்ளே கரி.

கிரைண்டரை எடுத்தாள். கறுப்புக் கோடு மறைந்து இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தாள். கோடு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது. பதினெட்டு அடி நடந்தாள். ராடு. ஓவன் கதவு. பதினெட்டு அடி. ஓரத்தில் ஒன்று, இரண்டு. தாண்டு. மழை ஓய்ந்திருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மேல் அடுக்கின் கடைசி விரற்கடையை நிரப்பி, ராடை ஒரு சுற்றுச் சுற்றிக் குழியில்லாமல் முடித்து, ஹெல்மெட்டைத் தூக்கியபோது நான்கு நிமிடம் மிச்சமிருந்தது.

தேர்வாளர் இரண்டு பட்டைகளை அறுத்தார். ஒன்றை மேல்பக்கம் வெளியே இருக்கும்படி, மற்றதை அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளைக்க வேண்டும். முதல் பட்டை வளைந்தது. மாதங்கி காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தாள், அந்த 'டக்' சத்தத்துக்காக. ஜாக்கியின் முனகல் மட்டும் கேட்டது. பட்டை குதிரை லாடம் மாதிரி முழுதாக வளைந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. தேர்வாளர் வளைவின் முதுகில் விரலை ஓட்டினார். பிறகு நகத்தை ஓட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"நடுவுல எதுக்கு கிரைண்டர் எடுத்தீங்க?" என்று கேட்டார். இரண்டு தேர்விலும் சேர்த்து அவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"கசடு இருந்துது."

"மேல அடுக்கு போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும் சார்."

அவர் தலையசைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதினார். நந்திதா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடினாள். போனில் பட்டறை மேஸ்திரியைப் பிடித்துவிட்டாள். ஒரு நிமிடம் பேசினாள். திரும்பி வந்து, "துர்கா பூஜைக்கு அடுத்து வர்ற லட்சுமி பூஜை கழிஞ்சு மறுநாள், எட்டு மணிக்கு வரச் சொல்றார். முதல்ல மூணு மாசம் சின்னச் சின்ன ஒட்டு, கிரைண்டிங்தான். சரியா?" என்றாள்.

"சரி," என்றாள் மாதங்கி. வளைந்த பட்டைகளைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மெஸ்ஸுக்கு வந்தபோது ஏழு ஐந்து. ஆறு மாதத்தில் முதல் முறையாகத் தாமதம். வேதாச்சலமே தோசைக்கல் முன்னால் வியர்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் ஊற்றிய தோசை ஒன்று இந்தியா வரைபடம் மாதிரி இருந்தது. மாதங்கி வளைந்த பட்டைகளில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், உடைந்த பட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வேதாச்சலம் அதைக் கையில் எடுத்தார். இரண்டு நுனியையும் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இதுல ஒட்டு எங்க இருக்கு?"

"வளைவுல."

"தெரியலையே."

"தெரியக் கூடாது."

அவர் அதை மேடையில் திரும்ப வைத்தார். "எப்போலருந்து?"

"லட்சுமி பூஜைக்கு மறுநாள். பூஜா சீசன் முழுக்க இருப்பேன். அதுக்கப்புறம் நீ ஆள் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்ல. பாத்துக்கறேன்." கரண்டியை அவளிடம் கொடுக்காமல் அடுத்த தோசையையும் அவரே ஊற்றினார். இதுவும் வட்டமாக வரவில்லை. பிறகு பின்னால் திரும்பி, இன்னும் செங்கல்லில் நின்றுகொண்டிருந்த அடுப்பு ஸ்டாண்டைக் காலால் தொட்டுக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி இதை ஒட்டிக் குடுத்துட்டுப் போயேன்."

மாதங்கி குனிந்து பார்த்தாள். இரண்டு முறை ஒட்டி மூன்று முறை உடைந்த இடம். மேடுமேடாக, கரியும் எண்ணெயும் ஊறிப்போய்.

"இதுக்கு மேல ஒட்ட முடியாது. பழசை முழுக்க அறுத்து எடுக்கணும். கரியைத் தேச்சு இரும்பு தெரியணும். அப்புறம்தான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பகல். ஆனா அடுப்பை அணைக்கணும். எல்லா பக்கமும்."

வாசலில் மூன்று பேர் சாப்பிடக் காத்திருந்தார்கள். அண்ணி கையில் தட்டோடு நின்று, புருஷனின் முகத்தையே பார்த்தாள். வேதாச்சலம் அடுப்பைப் பார்த்தார். நான்கு பக்கமும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"லட்சுமி பூஜை அன்னிக்கு," என்றார். "அன்னிக்கு லீவு விட்டுடலாம்."